மேகத்து நாளுக்கும் ஒரு நிலா

அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். பாசமும் பரிதாபமும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்று மெதுவாக வரும். இத்தனை வருஷம் கழித்தும், சமையலறையில் யாராவது என் கையிலிருந்து கரண்டியை வாங்க வந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. அது என் மருமகனாக இருந்தாலும் சரி.

"இங்க கொண்டாங்க." இந்த இரண்டு வார்த்தையில் அவளை முடித்துவிடலாம். நீங்கள் எதையாவது செய்துகொண்டிருப்பீர்கள். சுமாராகத்தான் செய்வீர்கள், உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே செய்கிறோம்? அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். முதலில் உதட்டை மடிப்பாள். பிறகு வலது கை தானாக நீளும். "இங்க கொண்டாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் பொருள் அவள் கைக்குப் போயிருக்கும்.

முதல் தடவை அது நடந்தது துணி துவைக்கும் அறையில். டெக்ஸஸில், பிளானோ என்ற ஊரில் நாங்கள் அப்போது இருந்த அபார்ட்மென்ட்டில் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு வாஷிங் மெஷின் அறை. தொண்ணூற்றேழாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்போடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்கா வந்து பன்னிரண்டு வருஷத்தில் அதை மடிக்க நான் கற்றுக்கொள்ளவில்லை. சுருட்டி அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்திவிடுவேன். காட்டன் சேலையும் படிய வாரிய தலையுமாக ஒரு பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். ஊர் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை.

"இங்க கொண்டாங்கக்கா."

மூலைக்குள் மூலையைச் செருகி, உதறி, கடையிலிருந்து வந்த மாதிரி சதுரமாக மடித்து என் கூடைமேல் வைத்தாள். பிறகுதான் சிரித்தாள். கோயமுத்தூர் என்றாள், வந்து பத்து நாள் ஆகிறது என்றாள். "செஞ்சா முழுசாச் செய்யோணுமுங்க. அரைகுறையா விட்டா மனசுக்குள்ளயே உறுத்தீட்டு இருக்குமுங்க" என்றாள். என் மனசில் பன்னிரண்டு வருஷமாக எதுவும் உறுத்தவில்லை. அன்றைக்குத்தான் உறுத்த ஆரம்பித்தது.

அவள் இயற்பியலில் எம்.எஸ்ஸி. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பதினோரு வருஷம் வகுப்பெடுத்தவள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. பழைய புரோகிராம்களைத் திருத்த அவள் கணவரைக் காண்ட்ராக்ட்டில் கூட்டி வந்திருந்தார்கள். பத்தாம் வகுப்பில் சேர வேண்டிய பையனும் இவளும் கூடவே வந்தார்கள். இவளுக்குக் கிடைத்தது எச்-4 விசா. அதாவது மனைவி என்று கூட வரலாம், சமைக்கலாம், துணி மடிக்கலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது. எவன் உட்கார்ந்து எழுதிய சட்டமோ, அவன் வீட்டுப் பெண்களை ஒரு மாதம் அப்படி உட்கார வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பதினோரு வருஷம் சாக்பீஸ் பிடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல்தான் அவள் எங்கள் கையில் இருந்ததை எல்லாம் பிடுங்கினாள் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொழுப்பு என்றுதான் தோன்றியது.

டிஷ்வாஷரைச் சரிசெய்ய அபார்ட்மென்ட் ஆள் வந்தான். மண்டி போட்டு அவன் திருகுவதை ஐந்து நிமிஷம் பார்த்தாள். அப்புறம் ஸ்க்ரூடிரைவர் அவள் கையில். அவன் இடுப்பில் கை வைத்து நின்று, அவள் முடித்த பிறகு சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பிள்ளையார் சதுர்த்திக்கு ஒரு டாக்டர் வீட்டுக்குப் போனோம். கொழுக்கட்டை விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. டாக்டரின் மனைவி கையிலிருந்து மாவை வாங்கி, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, நாற்பது கொழுக்கட்டை இவளே பிடித்தாள். அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து இவளுக்கு அழைப்பு இல்லை.

"கூப்புடலீங்களா? மறந்திருப்பாங்க" என்றாள் என்னிடம்.

"மறக்கலைங்க, நல்லா ஞாபகம் வச்சிருக்காங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. இத்தனைக்கும் அவள் பிடுங்கிய எதுவும் கெட்டுப்போனதில்லை. டிஷ்வாஷர் ஓடியது. கொழுக்கட்டை விரியவில்லை. ஒருதரம் டோல்வே நெடுஞ்சாலையில் வழி தவறியபோது என் மகள் நித்யாவின் கையிலிருந்த மேப்பை வாங்கினாள். ஊருக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவள், சரியான எக்ஸிட்டைச் சொன்னாள். திட்டக்கூட ஒரு காரணம் கிடைக்காவிட்டால் மனுஷிக்கு எப்படிக் கோபம் வராமல் இருக்கும்?

மற்றவர்களாவது மாதத்தில் ஒருநாள் அவளிடம் மாட்டினார்கள். பையன் கார்த்தி தினமும் மாட்டினான். அவனும் நித்யாவும் ஒரே வகுப்பு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் ஹோம்வொர்க் செய்வார்கள். அவன் ஒரு கணக்கைப் பாதி போட்டிருப்பான். "அது அப்படி இல்ல கண்ணு, இங்க கொண்டா." அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பென்சிலை நீட்டுவான். காலியான கையால் சிப்ஸ் எடுத்துத் தின்பான். ஆறு மாதத்தில் அது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

"அவனே போடட்டும் விடுங்களேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"தப்பாப் போடறானுங்களே?" என்றாள், ஏதோ நான் புரியாமல் பேசுவது மாதிரி.

இந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்றால், காலேஜில்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலேஜ் பாடம் எடுக்கலாம் என்பது அங்கே உண்டு. பக்கத்தில் உள்ள கம்யூனிட்டி காலேஜில் போய் உட்கார்ந்து ஒரு கோர்ஸ் படித்தால், ஒரே மார்க் பள்ளிக்கூடத்துக்கும் ஆயிற்று, காலேஜுக்கும் ஆயிற்று. சாதாரணப் பாடத்தைவிட அதற்கு எடை அதிகம். எங்கள் தமிழ்க் குடும்பங்களில் அதற்கு ஒரு வெறியே பிடித்திருந்தது. வளைகாப்புக்குப் போனாலும் "உங்க பொண்ணு எத்தனை காலேஜ் கோர்ஸ்?" என்பதுதான் முதல் கேள்வி. காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டால் டெக்ஸஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டிகளில் இடம் நிச்சயம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தால் கவலையில்லை, அந்தப் பக்கம் போனால் கெஞ்ச வேண்டும். நித்யாவும் கார்த்தியும் அந்தக் கோட்டின் மேலேயே நின்றார்கள். ஒருமுறை இவள் உள்ளே, அவன் வெளியே. இன்னொருமுறை மாறிவிடும். நித்யா அந்த வருஷம் முழுக்கப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கோடுதான். அதைத் தாண்டி நான் எதையும் யோசிக்கவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் பாதியில் இரண்டு பேரும் காலேஜில் வானியல் எடுத்தார்கள். வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு. பிள்ளைகளுக்கு இன்னும் லைசென்ஸ் இல்லை, அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஒரு பல் டாக்டர் ஆபீஸில் முன் மேஜையில் உட்காரும் வேலையை முடித்துவிட்டு நான்தான் மூன்று பேரையும் கூட்டிப்போவேன். ஆமாம், மூன்று பேர். பையன் படிக்க, இவள் எதற்கு? வகுப்புக்கு வெளியே நடைவழியில் ஒரு பெஞ்சு இருந்தது. கதவில் நீளமாக ஒரு கண்ணாடி. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, ப்ரொஃபசர் போர்டில் எழுதுவதை எல்லாம் இவள் ஒரு நோட்டில் எழுதுவாள். நான் காரில் உட்கார்ந்து தூங்குவேன். திரும்பி வரும்போது பின் சீட்டில் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள். இவள் மட்டும் வழியெல்லாம் பேசுவாள். குரலே வேறாக இருக்கும். பதினோரு வருஷம் வகுப்பெடுத்தவளின் குரல் அது. எரிச்சலோடு எரிச்சலாக நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

அந்தக் கோர்ஸில் பாதி மார்க் ஒரு நோட்டுப் புத்தகத்துக்கு. இரண்டு மாதம், நிலா தெரிகிற நாளெல்லாம் அதைப் பார்த்து வரைய வேண்டும். எந்த நேரம், எந்தத் திசை, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுத வேண்டும். கையை முழுசாக நீட்டி, முஷ்டியை மடக்கி, அடிவானத்தின்மேல் முஷ்டிமேல் முஷ்டி வைத்து எண்ணினால் உயரம் கிடைக்கும். மேகம் மூடியிருந்தால் மேகம் என்று எழுதிவிடலாம், குற்றமில்லை.

கார்த்தி முதல் இரண்டு நாள் வரைந்தான். மூன்றாம் நாள் டென்னிஸ் ப்ராக்டிஸ். நான்காம் நாள் சாயங்காலம் அவன் அம்மா கார் நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வானத்தைப் பார்த்து முஷ்டியை நீட்டிக்கொண்டிருந்தாள். கார்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. மாடியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எட்டிப் பார்த்து, அந்த அம்மாவுக்குக் கடவுளோடு ஏதாவது சண்டையா என்று என்னைக் கேட்டாள். இருக்கலாம் என்றேன். தேய்பிறையில் காலை ஏழு மணிக்கு, பிள்ளைகள் பஸ் ஏறும்போது, மேற்கே பார்த்து அதே முஷ்டி. இரண்டு மாதம் ஒருநாள் விடவில்லை.

அவள் வரைந்த நிலாவை நான் பார்த்தேன். என் மேஜையில் பிரித்துக் காட்டினாள். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, விரலால் தேய்த்து, பள்ளம் பள்ளமாக நிழல் கொடுத்திருந்தாள். பக்கத்தில் என் மகள் வரைந்தது கடித்த அப்பளம் மாதிரி இருந்தது.

"இதென்ன, ஏப்ரல்ல இந்த மூணு நாளும் இருக்கு?" என்றேன். "அன்னிக்கெல்லாம் சைரன் ஊதி, சூறாவளி வருதுன்னு நாம பாத்ரூமுக்குள்ள உக்காந்திருந்தோமே?"

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். அவள் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டர், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தது, அதில் திதி போட்டிருக்குமே. வளர்பிறை ஏகாதசி, துவாதசி, திரயோதசி. "அத வெச்சு வரைஞ்சுபோட்டனுங்கக்கா. ஊருக்கும் இங்கயும் பத்தரை மணி நேரம் வித்தியாசம், அதையும் கழிச்சுப்போட்டேன். மூணு கட்டம் மட்டும் காலியா இருந்தா அரைகுறையா இருக்குதுங்க. யார்கிட்டயும் சொல்லீராதீங்க."

நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

மே மாதம் நோட்டுகளைத் திருத்திக் கொடுத்தார்கள். கார்த்திக்குத் தொண்ணூற்றெட்டு. நித்யாவுக்கு எண்பத்தொன்று. என் பெண் மழை நாளில் மழை என்று எழுதினாள். பனியில் நின்று, மூக்கு ஒழுக, தன் அப்பளத்தைத் தானே வரைந்தாள். அன்று சாப்பிடாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "இட்ஸ் நாட் ஃபேர், அம்மா. ஹிஸ் மாம் டஸ் எவ்ரிதிங்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அழுகை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் வீட்டு மேஜையில், என் காபியைக் குடித்துக்கொண்டு, என் காரில் போய் வந்து, என் பெண்ணின் இடத்தை இவள் பிடுங்கிக்கொண்டு போவாள், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? கரண்டியைப் பிடுங்கினாய், மாவைப் பிடுங்கினாய், சரி போ என்று விட்டேன். இதுவுமா?

மறுநாள் மத்தியானம், பல் டாக்டர் ஆபீஸ் போனிலிருந்து ப்ரொஃபசரைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை. நோயாளிகளோடு பேசும் அமெரிக்கக் குரலில், கார்த்தியின் நோட்டில் ஏப்ரல் மாதம் புயலடித்த நாட்களைப் பாருங்கள், வரைந்தது அந்தப் பையன் இல்லை என்றேன். யார் பேசுவது என்று அவர் கேட்டார். வைத்துவிட்டேன். அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பினேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் கழித்து அவள் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். யாரோ போனில் புகார் சொன்னார்களாம், காலேஜில் கூப்பிடுகிறார்களாம். அவள் கணவருக்கு லீவ் கிடைக்காது. "நீங்க கூட வாங்கக்கா. எனக்குக் கோவம் வந்தா இங்கிலீஷ் நின்னு போயிருமுங்க." என்ன சொல்லி மறுப்பது? கூட இருந்தே குழி பறித்தவள், குழி வரைக்கும் கூட்டிக்கொண்டும் போனேன்.

ப்ரொஃபசர் ஒல்லியான, வழுக்கைத் தலை வெள்ளைக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. நோட்டைப் பிரித்து வைத்துக் கார்த்தியிடம் கேட்டார். இந்த மூன்று நாளும் தான் சூறாவளிக்குப் பயந்து குளியல் தொட்டிக்குள் படுத்து, மேலே மெத்தையைப் போட்டுக்கொண்டிருந்ததாகவும், நீ மட்டும் எப்படி நிலாவைப் பார்த்தாய் என்றும் கேட்டார். கார்த்தி தன் ஷூவைப் பார்த்தான். நீதானே வரைந்தாய் என்றார். அதற்கும் ஷூவைப் பார்த்தான்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஐ டிட் த வொர்க், சார். ஆல் த டேஸ்."

அவர் தலையசைத்தார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அவள் உட்காரவில்லை. கை நீண்டது. மேஜையிலிருந்த நோட்டை எடுத்து, மேல் அட்டையில் மகன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"ஸ்ட்ரைக் ஹிஸ் நேம். புட் மை நேம்."

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை, அந்த மட்டில் நல்ல மனுஷன். மேடம், நீங்கள் என் மாணவி இல்லையே என்றார். ஒவ்வொரு வகுப்புக்கும் வந்திருக்கிறேன், வெளியே உட்கார்ந்திருந்தேன் என்று கதவைக் காட்டினாள். பார்த்திருக்கிறேன், யாரையோ கூட்டிப்போகக் காத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார் அவர். அவள் முகம் சிவந்துவிட்டது. வாய் திறந்தாள், இங்கிலீஷ் வரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க எடுத்துச் சொல்லுங்கக்கா. மழை நாள் மூணுதான் தப்பு, மத்ததெல்லாம் நானே நின்னு பாத்து வரைஞ்சதுன்னு சொல்லுங்க. நீங்கதான் கண்ணால பாத்தீங்களே. இவன் தலைல அந்தப் பழி விழ வேண்டாம்னு சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தால் என் குரல் அவருக்குத் தெரிந்துவிடும். அதுதான், அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. அவரும் என்னைப் பார்த்தார். நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். திறந்தேன். மூடினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம். பிறகு நோட்டை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

கார்த்திக்கு அந்தக் கோர்ஸில் எஃப், அதாவது ஃபெயில். காலேஜ் மார்க் என்பதால் அது ஜென்மத்துக்கும் கூட வரும். வெளியே வரும்போது ப்ரொஃபசர் அவளிடம் சொன்னார், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நிலா தன் மேஜைக்கு வந்ததில்லை, ஆகஸ்ட்டில் உங்கள் பெயரிலேயே சேருங்கள் என்று.

அவள் என்னைக் கேட்டாள். "நான் சேரலாமுங்களா? இந்த விசாவுலயா?"

தலையாட்டினேன். வேலைக்குத்தான் போகக் கூடாது, படிக்கலாம். எங்கள் ஆபீஸ் மேஜையில் அந்தக் காலேஜின் கையேடு இரண்டு வருஷமாகக் கிடந்தது, அதிலேயே போட்டிருந்தது. எனக்குத் தெரியும். அவள் பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்து எழுதியபோதெல்லாம் தெரியும். ஒருநாள் சொல்லியிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்?

காரில் கார்த்தி ஒரே ஒருமுறை பேசினான். "நான் கேட்டனாம்மா? வரைஞ்சு குடுன்னு ஒரு தடவையாச்சும் உன்னைக் கேட்டனா?" வழியெல்லாம் பேசுகிறவள், அன்றைக்கு வீடு வரும்வரை பேசவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடத்து ரேங்க் வரிசை வந்தது. நித்யா உள்ளே. அவளுக்குப் பின்னால் கோடு. கார்த்தி எங்கேயோ கீழே.

ஆகஸ்ட்டில் அவள் சேர்ந்தாளா என்றால், இல்லை. "பையன் படிப்பக் கெடுத்தது பத்தாதா, இப்ப நீ வேற படிக்கப் போறயா?" என்று அவள் கணவர் கேட்டாராம். ஒருநாளாவது அந்த ஆள் தலையைத் தூக்கி நிலாவைப் பார்த்திருப்பாரா? பையன் என்ன படிக்கிறான் என்றாவது கேட்டிருப்பாரா? அவரை நினைத்தாலும் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அவரைத் திட்டும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு அவள் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவில்லை. அக்டோபரில் ஒரு பிறந்தநாள் விருந்தில் யாரோ வெங்காயத்தைக் கட்டை கட்டையாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டை மடித்தாள். கை பாதி தூரம் நீண்டது. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் அந்த வெங்காயத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

டிசம்பரில் நித்யாவுக்கு யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு வழக்கம், யார் பிள்ளைக்கு இடம் கிடைத்தாலும் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும். கேசரி கிண்டினேன். ஏழு வீட்டுக்குக் கொடுத்தேன். எட்டாவது அவள் வீடு. கொடுக்காமல் விட்டால் ஏன் என்று ஊரே கேட்கும். கொடுக்கத்தான் போனேன்.

கதவைத் திறந்தாள். "பாப்பாவுக்குக் கெடச்சிருச்சுங்களா? நல்லாருக்கட்டும்" என்றாள். பெரிய டப்பா, எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அதில்தான் வைத்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தாள். ரவை கட்டி கட்டியாக இருந்தது. முந்திரி கருகியிருந்தது. உதட்டை மடித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கை நீண்டது.

"இங்க கொண்டாங்க."

உள்ளே போய் வாணலியை வைத்தாள். பாலை ஊற்றி, கேசரியைக் கொட்டி, கரண்டியின் முதுகால் கட்டிகளை நசுக்கினாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். சுவரில் அந்தத் தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாள் கிழிக்கப்பட்டு, தேதி சரியாக இருந்தது. அவள் திரும்பாமல், கிண்டிக்கொண்டே பேசினாள்.

"காலண்டரப் பாத்து வரைஞ்சேன்னு உங்க ஒருத்தருகிட்டத்தான் சொன்னனுங்கக்கா."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"தப்பு என்னோடதுதானுங்க. நான் இல்லைன்னு சொல்லலை. நீங்க சொன்னதும் பொய்யில்லை." நெய்யை ஊற்றினாள். "போன்ல உங்க பேரச் சொல்லிப் பேசியிருக்கலாமுங்க. இல்ல, அந்த ரூம்புல எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ரெண்டுல ஒண்ண முழுசாச் செஞ்சிருக்கலாமுங்க."

எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரடி நீ எனக்குப் பாடம் எடுக்க, நீ மட்டும் யோக்கியமா, உன் பிள்ளையைக் கெடுத்தது நானா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவள் புது முந்திரி வறுத்துப் போட்டாள். ஒரு கிண்ணம் தனக்கு எடுத்துக்கொண்டு, மீதியை டப்பாவில் அழுத்தி, மேலே கரண்டியால் சமன்செய்து, ஓரத்தைத் துணியால் துடைத்து, என் கையில் கொடுத்தாள்.

"பாப்பாவுக்கு மொதல்ல குடுங்க. சூடா இருக்குது."

ஜனவரி பிறந்தது. கம்ப்யூட்டர்கள் ஒன்றும் நிற்கவில்லை. அவள் கணவரின் காண்ட்ராக்ட்தான் நின்றது. நியூ ஜெர்ஸிக்குப் போனார்கள். கார்த்தி அங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து, அப்புறம் பெரிய காலேஜுக்கு மாறி, இப்போது நன்றாக இருக்கிறான் என்று கேள்வி. அவள் தன் பெயரில் எங்காவது சேர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

அன்றைக்கு அந்த டப்பாவோடு படியிறங்கி என் வீட்டுக்கு வந்தேன். நித்யா மேஜையில் உட்கார்ந்து, வந்த கடிதத்தை நூறாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள்.

"அம்மா, திஸ் இஸ் ஸோ குட். நீயா பண்ணினே?"

"ஆமா, நான்தான் பண்ணினேன்" என்றேன்.